ஏன் என்ற கேள்விக்கு யார் பணம் தருவது?

1905 டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்கள் எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்தார் மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர். இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் கிழக்கு வார்டுக்குப் போனார்கள், இரட்டைப்படை விழுந்தவர்கள் மேற்கு வார்டுக்கு. கிழக்கு வார்டில் ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசிச் சோறு; மேற்கு வார்டில் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு. மற்றபடி இரண்டு வார்டுக்கும் ஒரே மாதிரிச் சாப்பாடு.

ஓராண்டில் பச்சரிசி வார்டில் 30 பேருக்கும் மேல் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி வார்டில் இருவருக்கு மட்டும் நோய் இருந்தது. இருவருமே விடுதிக்கு வரும்போதே அதோடு வந்தவர்கள். அங்கே பெரிபெரியால் ஒரு சாவும் இல்லை. நோய் கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஆண்டின் நடுவில் இரு சாராரையும் வார்டு மாற்றியும் பார்த்தார் பிளெட்சர். இடம் மாறியது, முடிவு மாறவில்லை. 1907இல் ‘லான்செட்’ இதழில் இதை எழுதினார். மருத்துவச் சோதனைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் இந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கிறார்கள். அந்த வரிசையில் நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பேராக்கில் இருக்கும் நமக்கு இது வேறோர் ஊர்க் கதையாகத் தோன்றலாம். உண்மையில் இந்த நோயின் பெரிய வேட்டைக்காடுகளில் ஒன்று கிந்தா பள்ளத்தாக்கு. ஈய லம்பங்களில் வேலை செய்த சீனர்கள் கால் வீங்கி, நடை தளர்ந்து, நெஞ்சு அடைத்துச் செத்தார்கள். அவர்கள் தின்றதும் அதே சயாம் பச்சரிசிதான். கூப்பிடு தூரத்தில் ரப்பர் தோட்டத்து லயங்களில் இருந்த தமிழர்களை மலேரியா வாரிக்கொண்டு போனது. பெரிபெரி மட்டும் அவர்களை ஏறக்குறைய தொடவே இல்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். தமிழன் சாப்பிடுவது புழுங்கல். மலாய்க்காரர் சாப்பிடுவது சொந்த வயல் நெல்லை அவ்வப்போது குத்திய அரிசி. சீனர் சாப்பிடுவது ஆலையரிசி. இனத்தின் உடலமைப்பு என்றும், தொற்று என்றும், ஈரநிலத்து ஆவி என்றும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அடுப்பங்கரையைப் பார்த்தார். ஊரில் நெல் அவித்துப் பழகிய பழக்கம் கடல் தாண்டி வந்தும் ஒரு கூட்டத்தைக் காத்தது. இந்த நாட்டு மருத்துவ வரலாற்றில் தோட்டத் தமிழன் தன்னையறியாமல் செய்த முதல் பங்களிப்பு இதுவாக இருக்கலாம்.

பிளெட்சரின் சோதனை பச்சரிசியையும் பெரிபெரியையும் ஐயத்துக்கு இடமின்றி முடிச்சுப் போட்டது. எதனால் என்று சொல்லவில்லை. அவரே மூன்று வழிகளைத் திறந்துவைத்தார்: அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கலாம், அதில் புரதம் குறைவாக இருக்கலாம், அல்லது சத்துக் குறைந்த உடம்பில் வேறொரு கிருமி புகலாம். பிராடனோ நஞ்சு என்பதில் உறுதியாக நின்றார். பச்சரிசி மூட்டையில் நாள்பட நஞ்சு ஊறுகிறது, நெல்லை அவிப்பதால் அது தடுக்கப்படுகிறது என்பது அவர் கட்சி.

எந்த விளக்கமாக இருந்தால் என்ன, புழுங்கலரிசி கொடுத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. நஞ்சுதான் காரணம் என்றால், ஆலையில் அன்றன்று புதிதாகத் தீட்டிய பச்சரிசியைத் தாராளமாகக் கொடுக்கலாம். கிருமி என்றால் நோயாளியைத் தனியே பிரிக்க வேண்டும். புரதக் குறைவு என்றால் கொஞ்சம் கருவாடு சேர்த்தால் தீர்ந்தது. ஒவ்வொரு விளக்கமும் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு செலவுக்கும் இட்டுச்செல்லும். தவறான விளக்கத்தின் மேல் நின்று சரியான அரிசியைக் கொடுத்தால், மூட்டை விலை ஏறும் முதல் ஆண்டிலேயே யாராவது அதை மாற்றிவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் நுழைகிறது. 1900இல் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் முயற்சியில் தொடங்கிய நிறுவனம்; அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் பெரிபெரியைத் தொற்று என்றே நம்பியவர். பிறகு அங்கே வந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907இல் ஜெலுபு பக்கம் டுரியான் டிப்பூஸில் சாலை போடும் சுமார் 300 சாவகத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசிக் கூட்டத்தில் மூன்று மாத அளவில் நோய் தலைகாட்டியது. இது பிளெட்சர் கண்டதை உறுதிசெய்தது, அவ்வளவே. அதற்குப் பிறகு அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான் பெரிது.

கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டார்கள். நரம்பு தளர்ந்து கோழிகள் விழுந்தன. டச்சு ஆட்சியிலிருந்த பத்தாவியாவில் கிறிஸ்டியான் ஐக்மன் முன்பே கண்டதுதான். இவர்கள் மேலும் கேட்டார்கள். புதிதாகத் தீட்டிய அரிசி என்ன செய்யும்? அதுவும் கோழியை விழுத்தாட்டியது. பிராடனின் பழைய மூட்டை நஞ்சு அதோடு அடிபட்டது. தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால்? கோழி பிழைத்தது. புழுங்கலரிசியைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாறு இறக்கிவிட்டுக் கொடுத்தால்? காக்கும் குணம் போய்விட்டது. அந்தக் குணம் சாற்றோடு வந்துவிட்டிருந்தது. ஆக, அரிசியில் இருக்கும் ஒன்று கொல்லவில்லை. அரிசியிலிருந்து எடுபட்டுப்போன ஒன்று இல்லாததால் உடம்பு விழுகிறது.

அவர்கள் தந்த இன்னொன்று, நல்ல அரிசியை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல். அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த அரிசி ஆபத்து. பாஸ்பரஸ்தான் காக்கும் பொருள் என்று அவர்கள் மயங்கவில்லை. தவிடு எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம் மட்டுமே. அடையாளத்துக்கும் காரணத்துக்கும் இருக்கும் இந்த வேறுபாட்டை இன்றைய ஆய்வேடுகள் பலவும் தவறவிடுகின்றன.

மீதிக் கதை உலகம் அறிந்தது. 1910 மார்ச்சில் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம், தீட்டிய அரிசியை முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி சேர்ந்தது என்று தீர்மானம் போட்டது. லண்டனில் காசிமிர் பங்க் 1912இல் வைட்டமின் என்ற பெயரை உலவவிட்டார். 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாக எடுத்தார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகச் செய்தார். அதுதான் தயமின், வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் அந்தச் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போகாது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி விசாரணைப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இந்தப் பழைய கதையை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் அதன் கணக்குப் புத்தகம். பிளெட்சர் மலாய்க் கூட்டரசின் மருத்துவத் துறை ஊழியர். பிரேசரும் ஸ்டாண்டனும் அதே அரசின் ஆய்வுக்கூட ஊழியர்கள். நோயாளியும் கோழியும் ஒரே பையிலிருந்து தின்றார்கள். அந்தப் பையை நிரப்பியதில் பெரும்பங்கு ஈயத்தின் மேல் போட்ட வரி; அதாவது, கிந்தாவில் பெரிபெரியால் செத்தவர்களின் உழைப்பு. குடியேற்ற ஆட்சியைப் புகழ வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனாலும், நோயாளியிடம் “பலன் உண்டா” என்று கேட்டவரும் ஆய்வுக்கூடத்தில் “எப்படி” என்று கேட்டவரும் ஒரே நாட்டில், ஒரே நேரத்தில், ஒரே கருவூலத்தின் கீழ் இருந்ததால்தான் இடைவெளி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடைபட்டது.

இன்று அந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிப் பணப்பைகள். ஒரு மருந்தோ சிகிச்சையோ நோயாளிக்கு உதவுகிறதா என்று பார்க்கும் மருத்துவச் சோதனைக்குத் தருகிறவர்கள் ஒரு வகை. செல்லுக்குள், சுரப்பிக்குள், மரபணுவுக்குள் நடப்பதைத் தேடும் இயங்குமுறை ஆய்வுக்குத் தருகிறவர்கள் வேறு வகை. நோயாளி முதல் வகையாரிடம் இருக்கிறார். நுண்கருவிகள் இரண்டாம் வகையாரிடம் இருக்கின்றன. இதைச் சரிசெய்யவே, நடந்துகொண்டிருக்கும் சோதனையின் மேல் ஏற்றிக் கட்டும் துணை மானியங்கள் பிறந்தன. பிரிட்டனில் மருத்துவ ஆய்வு மன்றமும் சுகாதார ஆய்வுக்கான தேசிய நிறுவனமும் 2008இல் கூட்டாகத் தொடங்கிய திட்டம், சிகிச்சையின் பலனையும் அதன் இயங்குமுறையையும் ஒரே வரவுசெலவில் பார்க்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள், பெரிய சோதனைகளுக்குத் துணை ஆய்வு மானியம் என்றே தனி அழைப்பு விடுகின்றன.

அதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்று நீரிழிவு ஆய்வில் உண்டு. 2002இல் முடிவு வெளியிட்ட அமெரிக்க நீரிழிவுத் தடுப்புச் சோதனை, உணவும் நடையும் நீரிழிவு வருவதை 58 சதவீதமும், மெட்பார்மின் மாத்திரை 31 சதவீதமும் குறைத்ததாகக் காட்டியது. பங்கேற்றவர்களின் மரபணுப் பொருளைச் சேமித்தும் வைத்திருந்தார்கள். 2006 தொடக்கத்தில், டிசிஎப்7எல்2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் நீரிழிவோடு சேர்ந்தது என்று ஐஸ்லாந்திலிருந்து செய்தி வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அந்தச் சோதனையின் மாதிரிகளிலிருந்து விடை வந்துவிட்டது: அந்த வடிவம் இரண்டு பிரதிகளாக உள்ளவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வருகிறது, அவர்களுடைய கணையம் இன்சுலின் சுரப்பதில் பின்தங்குகிறது, ஆனால் நடையும் உணவுக் கட்டுப்பாடும் உள்ள குழுவில் அந்த மரபணுவின் பிடி தளர்ந்துவிடுகிறது. பரம்பரை வியாதி, என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி அரிது. புதிதாக ஆள் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எடுத்திருந்தால் இதற்குப் பத்தாண்டு ஆகியிருக்கும்.

சென்னையில் நடந்தது இன்னும் நமக்கு நெருக்கம். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006இல் வெளியிட்ட முடிவு இது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்தார்கள். ஒன்றும் செய்யாத குழுவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறை மாற்றிய குழுவில் 39.3, மெட்பார்மின் குழுவில் 40.5, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடம் 39.5. கடைசி எண்ணைக் கவனியுங்கள். இரண்டு நல்லவை சேர்ந்தும் கூடுதலாக ஒன்றும் தரவில்லை. இரண்டும் ஒரே கதவைத்தான் அடைக்கின்றனவா, அல்லது அதற்குமேல் அடைக்க முடியாத இன்னொரு கதவு உண்டா? எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணும் சோதனையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

டாக்டர் வி. மோகனின் சென்னை ஆய்வு நிறுவனமும் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து அடுத்து நடத்திய சோதனையில் 578 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 34.9 சதவீதமாக இருந்த நீரிழிவு, சிகிச்சைக் குழுவில் 25.7 சதவீதமாக இறங்கியது. உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுகிறவர்களிடம் பலன் நன்றாக இருந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியவர்களிடம் மிகக் குறைவு. இதே சோதனைக்கு ஆள் தேர்ந்தெடுக்க எடுத்த தொடக்கப் பரிசோதனைகளை வைத்து, முடிவு வருவதற்கு முன்பே 2013இல், ஒரு துணை ஆய்வு வெளியானது. சர்க்கரை லேசாக ஏறிய கட்டத்திலேயே, இந்தியர்களின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சோர்ந்துவிடுகின்றன என்று அது காட்டியது. தொப்பையைக் குறை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சுரப்பி முன்பே களைத்திருக்கிறது. பிந்தி வந்த முடிவைப் படிக்க முந்தி வந்த இந்தத் துணை ஆய்வு ஒரு திறவுகோல். ஒருமுறை ஊசி குத்தியதிலிருந்து இரண்டு அறிவு.

இனி ஈப்போ. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4. சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் தெலுக் இந்தானிலும் அரசாங்கக் கிளினிக்கில் காலையில் வரிசை பிடிப்பவர்களைப் பார்த்தால் இந்த எண்ணுக்கு விளக்கவுரை வேண்டாம். பால் மரம் வெட்டிய தலைமுறை ஒரு நாளைக்கு நடந்த தூரத்தை, தோட்டம் துண்டாடப்பட்டு ஊருக்குப் பெயர்ந்த பிள்ளைகள் ஒரு வாரத்திலும் நடப்பதில்லை. பெரிபெரியிலிருந்து காத்த அதே சோறு இன்று இனிப்புநீர்ப் பட்டியலில் குற்றவாளியாக நிற்கிறது. சோறா, நடையின்மையா, தாயின் கருப்பையிலேயே தொடங்கிய குறையா, சோர்ந்த பீட்டா செல்லா? எல்லாம்தான் என்று சொல்லிவிடுவது எளிது. எது எவ்வளவு என்று தெரிந்தால்தான் கிளினிக் எந்த மாத்திரையை யாருக்கு முதலில் தர வேண்டும் என்பது முடிவாகும்.

ஈப்போவில் சோதனை நடத்தத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் மாத்திரையைப் பற்றி உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டபோது, ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் டாக்டர் ஸ்டீவன் லிம் தலைமையில் நாட்டின் 20 அரசு மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தல் மையத்திலும் 490 நோயாளிகளை வைத்து முறையான சோதனை நடந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 21.6 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 17.3 சதவீதத்தினருக்கும் நோய் கடுமையானது. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே இல்லை, மாத்திரையால் கடுமை தடுக்கப்படவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழில் வந்த இந்தக் கட்டுரையை உலகம் முழுதும் படித்தார்கள்.

இந்தச் சோதனைக்கு இயங்குமுறைத் துணை ஆய்வு வேண்டியிருந்ததா? என் கருத்தில் இல்லை. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் தடுத்த மருந்தின் அடர்த்தி, வழக்கமான அளவு மாத்திரையால் ரத்தத்தில் எட்டக்கூடியதைவிடப் பல மடங்கு. தோற்றதற்கு ஒரு நம்பத்தக்க காரணம் முன்பே கையில் இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தைக் கட்டித் தொங்கவிட்டால், சிகிச்சைக்குப் போக வேண்டிய பணம் குளிர்பெட்டிக்குள் உறையும். துணை மானியம் பெறத் தகுதியானவை, விடை இரண்டு மூன்று விளக்கங்களுக்கு இடம் தந்து, அவற்றில் எது உண்மை என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறக்கூடிய சோதனைகள். பிளெட்சரின் சோதனை அப்படிப்பட்டது. சென்னையின் 39.5 அப்படிப்பட்டது. ஐவர்மெக்டின் அப்படிப்பட்டதல்ல.

மலேசியாவில் இடறும் இடம் நிர்வாகம். அரசு மருத்துவமனை மருத்துவர்களின் ஆய்வுக்குச் சுகாதார அமைச்சின் மானியம் உண்டு. அடிப்படை அறிவியலுக்கான எப்ஆர்ஜிஎஸ் மானியம் உயர்கல்வி அமைச்சினுடையது. அது பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கானது. ஈப்போ மருத்துவமனையில் நீரிழிவு நோயாளி. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் அறிவியல் ஆய்வுக்கூடம். ஈப்போவிலேயே அரச பேராக் மருத்துவக் கல்லூரி. காரில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கும். தாளில் அவை இரண்டு அமைச்சுகள், இரண்டு விண்ணப்பக் காலங்கள், இரண்டு மதிப்பீட்டுக் குழுக்கள். மருத்துவமனைச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்து, ஆள் சேர்க்கத் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் மானியமும் கைக்கு வரும்போது, கடைசி நோயாளி கடைசி மாத்திரையை விழுங்கியிருப்பார். மருந்து தொடங்குவதற்கு முந்தைய நாளின் ரத்தத்தைப் பிறகு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. இந்தத் துறையில் பணத்தின் அளவைவிட அது வரும் தேதி முக்கியமாவது இதனால்தான்.

நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை 1,06,527 பேரைச் சேர்த்து நடத்திவரும் மலேசிய கோஹார்ட் ஆய்வு, ரத்த மாதிரிகளை முதல் நாளிலிருந்தே சேமித்தது. சேமிக்கும் பழக்கம் உண்டு. அதைச் சிகிச்சைச் சோதனைகளோடு சேர்க்கும் வரவுசெலவுத் தலைப்புத்தான் வேண்டும். சோதனைக்கு மானியம் தரும்போதே ஒரு சிறு பங்கை மாதிரி எடுக்கவும் உறையவைக்கவும் மட்டும் ஒதுக்கிவிடலாம். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைச் சோதனையின் முடிவு வந்தபின் இரண்டாம் மானியம் தீர்மானிக்கட்டும். உறைபெட்டிக்கு ஆகும் மின்கட்டணத்தைப் பார்த்துக் கணக்காளர் முகம் சுளிப்பார். புதிதாக ஒரு சோதனை தொடங்க ஆகும் செலவை அவரிடம் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

சம்மதம் என்பது இதில் தனிச் சிக்கல். ஒரு மாத்திரையைப் பரிசோதிக்கிறோம் என்று சொன்னால் தோட்டத்துப் பாட்டிக்குப் புரியும். உங்கள் ரத்தத்தைப் பத்தாண்டு வைத்திருப்போம், இன்னும் யாரும் கேட்காத கேள்விக்கு அதில் விடை தேடுவோம் என்பதை எப்படிச் சொல்வது? மலாய்ப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழில் அடித்துக் கையெழுத்து வாங்குவது சட்டத்துக்குப் போதும். “எடுத்த ரத்தம் என்னாச்சு தம்பி?” என்று ஆறு மாதம் கழித்து அவர் கிளினிக்கில் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும், அந்த ஆளின் சம்பளமும் மானிய விண்ணப்பத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும். மதிப்பீட்டுக் குழுக்கள் முதலில் வெட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வரியைத்தான். வெட்டினால், அடுத்த சோதனைக்கு அந்தத் தோட்டத்திலிருந்து ஆள் வரமாட்டார்கள், துணை ஆய்வு ஏற உடம்பே இருக்காது.